புட்டிக்குள் மூன்று விரல் மண்

பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் ஐம்பத்தாறு வயதில் என்ன பயம் என்று சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு, எதற்குப் பயம் என்று ஒரு வார்த்தை கேட்பாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

தறி அறை ஜன்னலில் நீ கொண்டுவந்து வைத்த குளிர்பானப் புட்டி அப்படியே இருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீர். அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் செம்மண், பாலாடை போல மெத்தென்று படிந்திருக்கிறது. காலையில் ஜன்னலைச் சாத்தும்போது என் மனைவியின் கை பட்டு அது சாய்ந்துவிட்டது. ஒரு கணத்தில் புட்டி முழுக்கச் சிவந்துபோனது. வெளியே ஐப்பசி மாதத்து மேகம் கூடிக்கொண்டிருந்தது. நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி, கையில் பிடித்த நாடாவை, ஊடை நூல் சுற்றிய அந்தக் கட்டையை, ஓட்டாமல் அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதைத் தூக்கிக் கொட்டிட்டா இன்னா?" என்றாள் அவள்.

கூடாது என்றேன். குரல் எழும்பிவிட்டது. அவள் புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். நீ போய் ஒன்பது மாதமாகிறது. புட்டி வந்து பதினொரு மாதம்.

நம் பழக்கம் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. நான் காஞ்சிபுரத்து நெசவாளித் தெருவிலிருந்து வந்தேன். நீ வாலாஜாபாத் சாலையில் ஊரைத் தாண்டி, ஓடைக்கரையில் இருக்கும் காலனியிலிருந்து வந்தாய். உங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் சுற்றியிருந்த எல்லா நிலமும் உனக்குத் தெரியும். பிற்பாடு நீ டிராக்டர் வாங்கினாய். அதற்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் நீ உழாத கொல்லை இல்லை என்றாகிவிட்டது. எதிரில் பார்த்தால் "இன்னாடா தறிக்காரா" என்பாய். "ஒன்னும் இல்ல டிரைவரே" என்பேன். இந்த இரண்டு வாக்கியத்திலேயே பாதி வருஷங்களை ஓட்டியிருக்கிறோம்.

ஒரு முறை, பள்ளிக்கூடம் விட்டு உன்னோடு வந்தபோது, உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே சாலையைக் கடக்கும் அந்தச் சிறுபாலத்தைக் காட்டினாய். ஓடைத் தண்ணீர் போவதற்கு இரண்டு பெரிய சிமென்ட் குழாய் போட்டிருந்தார்கள். நீ முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய் நின்று என்னைக் கூப்பிட்டாய். நான் வரவில்லை. இருட்டாக இருந்தது, பாம்பு இருக்கும் என்றேன். "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாய். ஆமாம், அப்போதும் பயம்தான். போன மாதம் அந்தக் குழாயைக் குனிந்து பார்த்தேன். ஒரு நாய்கூட உள்ளே நுழைய முடியாது. மேலே ஒரு சாண் இடைவெளி, மீதி எல்லாம் மண்.

அந்த மண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் காலனிக்கு மேற்கே, ஓடையைப் பார்த்துச் சரிந்திருக்கும் அந்த மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தை நான் வாங்கியபோது, முதலில் உன்னைத்தான் கூட்டிப்போய்க் காட்டினேன். நெசவாளிக்கு எதற்கு நிலம் என்று கேட்டவர்கள் பலர். நீ கேட்கவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, "மல்லாக்கொட்டை நல்லா வரும்" என்றாய். எனக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் கண்ணை உறுத்திய ஒன்று இருந்தது. நிலத்துக்குள் ஓடிய வரப்புகள். ஒன்றுகூட நேராக இல்லை. குறுக்கே வளைந்து, எங்கோ சுற்றி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கிடந்தன.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது, ஒரு இழை விலகினாலும் புடவையில் அது தெரிந்துவிடும். என் அப்பா நேராக இல்லாத எதையும் பார்க்கச் சகிக்கமாட்டார். எனக்கும் அதே வியாதி. வளைந்த வரப்பைப் பார்த்தால், யாரோ தூக்கக் கலக்கத்தில் போட்டது போல இருந்தது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, மேட்டிலிருந்து ஓடைவரை பாவு நீட்டியதுபோல நேர்நேராக வரப்பும் உழவுச் சாலும் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். டிராக்டரும் திரும்பாமல் போய்வரலாம். இவ்வளவு நாள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

நீ டிராக்டரோடு வந்தாய். நான் சொன்னதைக் கேட்டாய். இறங்கி, வரப்பின் மேலேயே ஒரு சுற்று நடந்து வந்தாய்.

"இது கோணல்னு நீ சொல்ற. தண்ணிக்கு இதாண்டா நேரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடிச்சிக் குடு."

"நான் அடிக்கமாட்டன்பா. கீழ எங்க வூடு கீது."

அவ்வளவுதான் சொன்னாய். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் இன்று இந்த மடல் எழுத வேண்டியிருக்காது. நீ சோம்பல் படுகிறாய் என்று நினைத்தேன். கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஜேசிபி வரவழைத்தேன். ஒரே நாளில் அத்தனை வளைவும் போயிற்று. மேட்டில் நின்று பார்த்தால் கோடு கோடாக, அவ்வளவு அழகு. போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ குரல்பதிவு அனுப்பினாய்: "சூப்பரா கீதுடா. மழைக்கு அப்பால இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு."

அந்த வருஷ மழைக்கு அப்பால் நான் படம் எடுக்கவில்லை. எடுக்கும்படி இல்லை. ஒவ்வொரு சாலும் ஒரு சிறு ஓடையாகிவிட்டிருந்தது. மேட்டில் விதைத்த கடலை கீழே வேலியோரம் குவிந்து முளைத்திருந்தது. மேல்பக்கம் சரளைக் கல் பல்லிளித்தது. அடுத்த வருஷம் இரண்டு முறை விதைத்தேன், உரத்தைக் குறை சொன்னேன், விதைக் கடைக்காரரைத் திட்டினேன். கீழே நிலம் ஓடையைத் தொடும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் அரித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு மழைக்கும் நாலு முழம். எங்கே போகிறது இந்த மண் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் நிலத்திலிருந்து போனது என்பதோடு என் கணக்கு முடிந்துவிட்டது.

எங்கே போகிறது என்று நீதான் காட்டினாய், உன் பாணியில். முதல் வருஷம் மழை விட்ட மறுநாள், நான் தறியில் இருக்கும்போது வந்து, ஒரு புட்டி நிறையச் செந்தண்ணீரை ஜன்னலில் வைத்தாய். "எங்க வூட்டாண்ட ஓடையில புட்ச்சது. குட்ச்சிப் பாரு, உன் நெலத்து ருசி தெரியும்." நானும் சிரித்தேன். மழைக்கு எல்லா ஓடையும் சிவந்துதான் ஓடும் என்று சொல்லிச் சாக்கடையில் கொட்டினேன். அதில் ஒரு விரல் மண் இருந்தது. அடுத்த வருஷமும் கொண்டுவந்தாய். இரண்டு விரல். அதையும் கொட்டினேன். போன கார்த்திகையில் மூன்றாவது. அன்று நீ கிண்டல் செய்யவில்லை. உட்காரக்கூட இல்லை. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். "ஸ்டியரிங் புட்ச்சதுல" என்றாய். நம்பிவிட்டேன். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு அப்போதுதான் கொப்புளம் வருமா என்று யோசிக்கவில்லை.

தை மாதம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்து உங்கள் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் மாதா படம். அதற்கு நேர் கீழே, முழங்கால் உயரத்தில், நாலு சுவரிலும் ஒரு செம்மண் கோடு. யாரோ நூல் பிடித்து அடித்ததுபோல அத்தனை நேர்க்கோடு. இந்த வீட்டில் இவ்வளவு நேராக யார் கோடு போட்டது என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. தண்ணீர் ஏறி நின்ற அளவு அது.

உன் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டேன். "தண்ணி வந்துச்சா?"

"போன மழைக்கு வந்துச்சிண்ணா. குழா வாய் அடச்சிக்கிச்சி. அவருதான் ரெண்டு நாளு மம்முட்டி எடுத்துக்கினு எறங்கி வாரிக்கினே இருந்தாரு. மூணு வருசமா மழன்னா அதான் வேல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா அவன் பயந்து தறியில உக்காரமாட்டான்னாரு."

நீ எனக்குச் செய்த நல்லதிலேயே பெரிய கெடுதல் இதுதான். திட்டியிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தக் கோட்டைக் காட்டியிருக்க வேண்டும். ஒரு புட்டியை வைத்துவிட்டுப் போனால் எனக்கு எப்படி விளங்கும்? உன் நெஞ்சு வலிக்கும் அந்த மண்வெட்டிக்கும் சம்பந்தம் இல்லை, ரொம்ப நாளாக அடைப்பு இருந்திருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னாராம். அதை நானே பலமுறை எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ராத்திரியானால் நம்பிக்கை போய்விடுகிறது.

ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புவேன், பாலம்வரை போய்த் திரும்புவேன். ஆடி மாதம், திடீர் மழை ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்த மண் என் நிலத்து மண், வரப்பைக் கலைத்தது நான்தான் என்று. அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"சொன்னா மண்ணு திரும்பிப் பூடுமா?" துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துக் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள்: "வரப்ப கட்டுண்ணா மொதல்ல. அழுவறத அப்பால பாத்துக்கலாம்."

வரப்பு கட்டுவது என்றால், எங்கே கட்டுவது? பழைய வளைவுகளின் தடம்கூட இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை இரவல் வாங்கினேன். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை ஸ்டெல்லா பிடித்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடமாகத் தேடி முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனோம். குச்சிக்குக் குச்சி கட்ட, தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டுக் கழிவு நூலைக் கொண்டுபோயிருந்தேன். உனக்குத் தெரியுமா, பாதி நேரம் குழாயே தேவைப்படவில்லை. அந்த நிலத்தில் அவள் பத்து வருஷம் களை எடுத்தவள்.

"இங்க ஒரு வளைவு இருந்துச்சிண்ணா. இந்த எடத்துலதான் சோத்துக் கூடையை வெப்போம். மழ பேஞ்சாலும் இங்க தண்ணி நிக்கும், ஓடாது."

குழாயை வைத்துப் பார்த்தால் மட்டம் சரியாக இருக்கும். நான் விலைக்கு வாங்கி நாலு வருஷம் ஆண்ட நிலத்தை, அவள் கூலிக்கு நடந்து தெரிந்து வைத்திருந்தாள். வேலை முடிந்து மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். மஞ்சள் நூல் கண்டபடி வளைந்து கிடந்தது. என் அப்பா பார்த்திருந்தால் அறுத்துப் போட்டிருப்பார். எனக்கு முதல் தடவையாக அந்தக் கோணல் பிடித்திருந்தது.

மேலிருந்து நாலு வரப்பு எழுப்பினோம். ஸ்டெல்லா சொல்லி, மண் பிடிக்கட்டும் என்று மேலே அருகம்புல் பதித்தோம். ஐந்தாவது, ஓடையை ஒட்டிய கடைசி வரப்பு மட்டும் பாக்கி. டிராக்டர்காரர் தீபாவளி முடியட்டும் என்றார். உன்னைப் போல உடனே வருகிற ஆள் இப்போது யார் இருக்கிறார்கள்? தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே புடவை நெய்தேன். புடவைக் கரையில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது.

மழை எட்டு நாள் காத்திருக்கவில்லை. போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பிடித்தது. அரைமணி நேரத்தில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறிக் காலில் பட்டது. போன் அடித்தது. ஸ்டெல்லா.

"அண்ணா, குழா வாய் அடச்சிக்கினு வருது. வாசப்படி ஒண்ணு முழுவிடுச்சி."

உங்கள் வீட்டுக்கு மூன்று படி.

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் காலனிக்காரர்கள் ஐந்தாறு பேர் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். ஸ்டெல்லா ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினாள். காம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. உனக்கு அது நன்றாகத் தெரியும். இறங்கினேன். இடுப்புவரை தண்ணீர். அடியில் மண் காலைப் பிடித்து இழுத்தது. ஒரு காலை எடுத்தால் இன்னொரு கால் புதைந்தது. இங்கேயே முடிந்துவிடுவேன் என்று நினைத்தேன், சத்தியமாக. என் சொந்த நிலமே என்னை உள்ளே இழுப்பதாகத் தோன்றியது. வாரி வாரிப் போட, ஓடை மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டியது. நீ இதை மூன்று வருஷம் தனியாகச் செய்தாய். இந்த ஒரு நினைப்புதான் என்னை நிற்க வைத்தது.

இரண்டாவது படியும் முழுகிவிட்டது என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். அப்போது ஸ்டெல்லா குழாய் வாய்க்குள் கையை விட்டுச் சிக்கிக் கிடந்த முள்ளுக் கத்தையை இழுத்தாள். அதோடு சேர்ந்து நாலைந்து முளைக்குச்சிகள் வந்தன. அவற்றைச் சுற்றி, சேற்றில் ஊறியும் நிறம் போகாத மஞ்சள் பட்டு நூல். கட்டாமல் விட்ட கடைசி வரப்பின் குச்சிகள். குழாயை அடைத்ததில் அவையும் இருந்தன.

அவள் நூலைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "உங்க நூலுதானேண்ணா."

ஆமாம் என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கரையில் வீசிவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டாள். முள் வந்த வழியாகத் தண்ணீர் கடகடவென்று உறிஞ்சிக்கொண்டு போக ஆரம்பித்தது. நாங்கள் கால் மணி நேரம் வாரினோம். மூன்றாவது படி நனையவில்லை.

கரையேறியதும் என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தேன். போன கார்த்திகையில் உன் கையில் பார்த்த அதே இடங்களில் கொப்புளம். நான் குழந்தை மாதிரி அழுதேன். இந்தத் தடவை ஸ்டெல்லா எரிச்சல்படவில்லை.

கிளம்பும் முன், நீ பிடிப்பாயே அதே இடத்தில் குனிந்து ஒரு புட்டியில் ஓடைத் தண்ணீர் பிடித்தேன். உன் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் தெளிந்திருந்தது. ஒரு விரலுக்குக் கொஞ்சம் மேல் மண். நாலு வரப்பு நின்றிருக்கிறது, ஐந்தாவது இல்லாதது தெரிகிறது. நானும் மனைவியும் இரண்டு கூலியாட்களும் கையாலேயே கடைசி வரப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பாதி ஆகியிருக்கிறது. இன்று காலையில் மேகம் திரும்பக் கூடியிருக்கிறது. ஐப்பசி பாக்கி இருக்கிறது, கார்த்திகை முழுசாக இருக்கிறது. குழாய்க்குள் மூன்று வருஷத்து மண் அப்படியே கிடக்கிறது. அதை யார் எடுப்பது என்று ஆபீஸ் ஆபீசாக அலைந்துகொண்டிருக்கிறேன். பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் உன்னைப் போல நான் மறைக்கப் போவதில்லை. நேற்று ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பு எதுவரை வந்திருக்கிறது, எங்கே உடையக்கூடும், எவ்வளவு மழைக்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்று. கவலைப்படாதே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவளும், பரவாயில்லை என்று சொல்லவில்லை. "மம்முட்டி இங்க வேற ஒண்ணு இருக்குது. அவரோடத நீயே எடுத்துக்கினு போண்ணா" என்றாள்.

அது இப்போது என் தறிக்குழியோரம் சாய்ந்திருக்கிறது. பட்டுப் பாவில் அழுக்கு பட்டுவிடும் என்று மனைவி முணுமுணுக்கிறாள். இதை எழுதும்போதே ஓட்டின் மேல் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்கிறது. பேனாவை மூடி வைக்கிறேன். கிளம்புகிறேன்.